இதய பைபாஸ் அறுவையில் நுண்குருதி ஓட்டப் பாதுகாப்பு

இதய பைபாஸ் அறுவை நடக்கும்போது தந்துகிகளிலும் அவற்றை ஒட்டிய நுண்தமனி, நுண்சிரைகளிலும் இரத்த ஓட்டம் நின்றுவிடாமல் காக்கும் முறைகளின் தொகுப்பு. அறுவை நேரத்தில் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரம் ஏற்கிறது. பெருந்தமனிக்குள் இரத்தம் செல்வதையும் அதன் அழுத்தத்தையும் திரையில் பார்க்கலாம். ஆனால் பிராணவாயு திசுவுக்குக் கைமாறுவது பெருந்தமனியில் அன்று, 5 முதல் 10 மைக்ரான் விட்டமுள்ள தந்துகியில். 7 முதல் 8 மைக்ரான் அகலமுள்ள சிவப்பணு பல இடங்களில் உடலை வளைத்து, ஒன்றன்பின் ஒன்றாகவே அதற்குள் நுழைய முடியும்.

தாமிரபரணிப் பாசனம் அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆற்றின் 8 அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது ஒரு கணக்கு. தென்கால் வழியே கடம்பாகுளத்துக்கும் அதன் கீழுள்ள வயல்களுக்கும் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது வேறு கணக்கு. மடைகளை அடைத்தால் வாய்க்காலில் மட்டம் ஏறும், கடைமடையோ காயும். குழாய்களைச் சுருக்கும் மருந்தைக் கொடுத்து அழுத்தத்தை மட்டும் உயர்த்தும்போது உடலிலும் இது நேரக்கூடும். பைபாஸ் இயந்திரத்தின் வரலாறு முழுவதையும் கடைமடையைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட வரலாறாகவே படிக்க வேண்டும்.

தொடக்க வரலாறு

இரத்தம் சுற்றிவருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-இல் எழுதினார். தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகக் கடக்கிறது என்பதை அவரால் காண முடியவில்லை. 1661-இல் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துத் தந்துகிகளைக் கண்டார். தசை உழைக்கும்போது தந்துகிகள் திறந்துகொள்ளும் முறையை விளக்கிய டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் 1920-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். இரத்தத்தைப் பங்கிடும் அதிகாரம் கடைசிக் குழாய்களிடமும் இருக்கிறது என்பது அவருக்குப் பின் வந்த எல்லா ஆய்வுக்கும் அடிப்படை. 1947-இல் மெல்வின் நைஸ்லி நோயுற்ற உடல்களின் சிறு குழாய்களில் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொண்டு சேறுபோல் தேங்குவதை விவரித்தார்.

இதற்கிடையில் இயந்திரத்துக்கான தேடலும் நடந்துவந்தது. பால்டிமோரில் மருத்துவ மாணவராக இருந்த ஜே மக்லீன் 1916-இல் கண்ட உறைவுத் தடுப்புப் பொருளின் வழியாக வந்தது ஹெப்பாரின். அது இல்லாமல் இரத்தத்தை உடலுக்கு வெளியே ஒரு குழாயில்கூட ஓட்ட முடியாது. நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்து இறந்துகொண்டிருந்த ஒரு நோயாளியின் அருகே 1931-இல் இரவெல்லாம் காத்திருந்த ஜான் கிப்பன், அப்போது தோன்றிய எண்ணத்தை 22 ஆண்டுகள் கைவிடவில்லை. 1953 மே 6 அன்று ஃபிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணின் இதயத் தடுப்புச்சுவரில் இருந்த துளையை இயந்திரத் துணையோடு மூடினார். 26 நிமிடம் இயந்திரமே முழுப் பொறுப்பையும் சுமந்தது. அடுத்த நோயாளிகள் பிழைக்காததால் அவர் இப்பணியை நிறுத்திக்கொண்டார்.

1955-இல் மின்னசோட்டாவில் ரிச்சர்ட் டிவால் குமிழி முறைப் பிராணவாயுக் கலனை உருவாக்கினார். மலிவானது, எளியது, திறந்த இதய அறுவை உலகெங்கும் பரவ அதுவே காரணம். ஆனால் அதில் இரத்தமும் வாயுவும் நேருக்கு நேர் கலந்தன. எஞ்சிய நுண்குமிழிகள் பெருந்தமனியைத் தாண்டி, போகப்போகக் குறுகும் கிளைகளில் சிக்கின. வாயுவையும் இரத்தத்தையும் மெல்லிய சவ்வால் பிரிக்கும் கலன் பொதுவழக்கான பிறகே இந்தத் தீங்கு பெரிதும் குறைந்தது. தமனிக் குழாயில் இன்று பொருத்தப்படும் வடிகட்டியின் துளை ஏறத்தாழ 40 மைக்ரான். அதற்குள் புகுந்துவிடும் குமிழி, தந்துகியின் வாயைப்போல் நான்கு மடங்கோ அதற்கு மேலோ பெரியதாக இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

அறுவை நேரத்தில் உடலைக் குளிரூட்டும் முறை, கனடாவின் வில்ஃப்ரெட் பிகலோ 1950-ஐ ஒட்டிச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. வெப்பம் 10 பாகை குறைந்தால் உடலின் பிராணவாயுத் தேவை ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் குளிர்ந்த இரத்தம் தடிக்கும், நுண்குழாயில் தயங்கும். இதற்கு மாற்று, இரத்தத்தை நீர்க்கச் செய்வது. 1960-இல் ஓக்லஹோமாவில் நசீஹ் ஸுஹ்தி, அதுவரை இயந்திரத்தை நிரப்பிவந்த தானரத்தத்துக்குப் பதிலாக நீர்மக் கரைசலைப் பயன்படுத்தினார். தானரத்தம் மிச்சமானது, நுண்குழாய் ஓட்டமும் சீரானது. இத்துறையில் மிகுந்த நன்மை செய்த ஒரே மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். அளவு மீறினால் பிராணவாயுவைச் சுமக்கச் சிவப்பணு போதாமல் போகும் என்பதே அதன் எல்லை.

தமிழ்நாட்டில்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் 1940-களின் இறுதியில் நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கினார். 1960-களின் தொடக்கத்தில் அங்கே திறந்த இதய அறுவை நடந்தது. அதை வழிநடத்தியவர்களில் நாகரூர் கோபிநாத் முதன்மையானவர். இந்தியாவின் முதல் இதயத் தமனி பைபாஸ் அறுவையை 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் செய்தார். கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ காலின் சிரையைக் கொண்டு இவ்வறுவையைத் தொடங்கி அப்போது எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

தாமிரபரணிச் சமவெளியின் நோயாளிகள் நெடுங்காலம் வேலூருக்கும் சென்னைக்கும் மேற்கே திருவனந்தபுரத்துக்கும் ரயிலேறினார்கள். இன்று மதுரையிலும் திருநெல்வேலியிலும் இவ்வறுவை நடக்கிறது. அரசின் காப்பீட்டுத் திட்டத்திலும் அது உண்டு.

மருந்தின் மூலமும் காயல் கரையும்

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்குத் தெற்கே உள்ளது காயல்பட்டினம். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும் அதன்பின் தூத்துக்குடி மாவட்டத்திலும் அமைந்த ஊர். மார்க்கோ போலோ குறிப்பிடும் முத்துக்குளிப்புத் துறையான காயல், இந்தக் கரையைச் சேர்ந்தது. இங்கிருந்து அறுவைக்குச் செல்பவர்களிடம் இரண்டு மருந்துகளைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஒன்று ஹெப்பாரின். இன்றைய உலக உற்பத்தியில் பெரும்பகுதி பன்றியின் குடற்சவ்விலிருந்தும், சில நாடுகளில் மாட்டிலிருந்தும் எடுக்கப்படுகிறது. மார்க்கப் பற்றுள்ள காயல் முஸ்லிம் குடும்பத்தாருக்கு இது ஹராமா (மார்க்கத்தில் விலக்கப்பட்டதா) என்ற கேள்வி எழுவது இயல்பு. உயிர் காக்க வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது இஸ்லாமியச் சட்டவியலின் நன்கறிந்த கொள்கை. எனினும், எந்த மூலத்திலிருந்து வந்தது என்பதை அறுவைக்கு முன்பே சொல்லி, நோயாளியின் ஒப்புதலோடு நடப்பதே மரியாதை. மாட்டு மூலத்தைத் தவிர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மற்றொன்று, அறுவை முடிந்ததும் ஹெப்பாரினை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின். இது சால்மன் மீனின் விந்தணுவிலிருந்து பெறப்பட்ட புரதம். வேகமாகச் செலுத்தினால் குழாய்கள் திடீரெனத் தளர்ந்து அழுத்தம் விழும். சிலருக்கு நுரையீரல் நுண்குழாய்கள் கடுமையாகச் சுருங்கும். மீன் ஒவ்வாமை உள்ளவர்களிடமும், புரோட்டமின் கலந்த இன்சுலினை நெடுநாள் போட்டுக்கொண்டவர்களிடமும் கூடுதல் எச்சரிக்கை தேவை. மீன் அன்றாட உணவாக இருக்கும் கடற்கரையில், மீன் தின்றால் தடிப்பு வருமா, எந்த இன்சுலின் போடுகிறீர்கள் என்று கேட்க இரண்டு நிமிடம் போதும்.

காக்கும் முறைகள்

இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட், உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2.2 முதல் 2.4 லிட்டர் ஓட்டத்தை வழக்கமாகக் கொள்வார். அது கடைசிவரை சேர்ந்ததா என்பதைத் திரும்பிவரும் சிரை இரத்தத்தின் பிராணவாயுச் செறிவும் லாக்டேட் அளவும் சிறுநீரும் காட்டும். திசு பிராணவாயுவின்றித் தவிப்பதைக் காட்டும் லாக்டேட் ஏறிக்கொண்டிருந்தால், அழுத்தம் நன்றாக இருக்கிறது என்பதில் ஆறுதல் கொள்ளக்கூடாது. துடிப்பில்லாத ஒரே சீரான ஓட்டம் இயந்திரத்துக்கு வசதியானது. துடிப்புடைய ஓட்டமே நுண்குழாய்களுக்கு இயல்பானது.

இதயத் தசைக்கு வேறு ஏற்பாடு. டெனிஸ் மெல்ரோஸ் 1955-இல் பொட்டாசியம் சிட்ரேட்டால் இதயத்தை நிறுத்திக் காட்டினார். செறிவு மிகுந்து தசை சிதைந்ததால் அம்முறை கைவிடப்பட்டு, 1970-களில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மென்மையான கரைசலோடு திரும்பி வந்தது. பின்னர் ஜெரால்ட் பக்பர்க் முன்வைத்த இரத்தம் கலந்த கரைசல், பிராணவாயுவையும் சேர்த்துக் கொண்டுபோவதால், மேலானது. அடைபட்ட தமனியின் வழியே கரைசல் போகாத இடத்துக்கு இதயச் சிரைக்குழியிலிருந்து பின்னோக்கிச் செலுத்துவார்கள். முன்மடை அடைத்த வயலுக்கு வடிகால் வழியே நீரேற்றுவது போன்ற செயல் அது.

பெருந்தமனியை அடைத்திருந்த கவ்வியை எடுத்து, இதயத் தசைக்கு இரத்தத்தை மீண்டும் விடும் நேரமே ஆபத்தானது. பட்டினியில் இருந்த தந்துகிச் சுவர் வீங்கி, வெள்ளணுக்கள் ஒட்டிக்கொண்டு, பெரிய குழாய் திறந்திருந்தும் சிறியவற்றில் ஓட்டம் திரும்பாமல் போகலாம். ஆகவே முதலில் குறைந்த அழுத்தத்தில், இளஞ்சூட்டில் விடுகிறார்கள். உடலைச் சூடேற்றும்போதும் அவசரம் கூடாது. இயந்திரத்திலிருந்து வெளிவரும் இரத்தம் 37 பாகையைத் தாண்டாமல் வைப்பது மூளைக்குப் பாதுகாப்பு. நீரிழிவு உள்ளவரின் நுண்குழாய்கள் அறுவைக்கு முன்பே நலிந்திருக்கும். சாதாரண ஆஞ்சியோகிராமில் அவை தெரியா. படத்தில் ஒட்டு (மாற்றுவழியாகத் தைத்த குழாய்) அழகாக இருந்தும் தசை தேறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தற்போது

இயந்திரமின்றித் துடிக்கும் இதயத்திலேயே ஒட்டுப் போடுவது இந்தியாவில் பரவலாக உள்ளது. 2012-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, முதல் 30 நாளில் இறப்பு, பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. நாக்கின் அடியில் வைத்துத் தந்துகிகளை நேரே பார்க்கும் கைநுண்ணோக்கி ஆய்வுகளில் பயன்படுகிறது. அறுவை அரங்கின் அன்றாடக் கருவியாக இன்னும் ஆகவில்லை.