பொருநையின் மேல் ஒரு பெயர்

ஒரே ஆற்றின் இரு கரைகளிலும் ஊர்கள் அமைவது தமிழகத்தில் புதிதன்று. ஆயினும் பொருநை எனப் பழம்புலவர் போற்றிய தாமிரபரணி, திருநெல்வேலியில் இரு வேறு உலகங்களுக்கு நடுவே ஓடியது. மேற்கே நெல்லையப்பர் திருக்கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த பழைய நகர். கிழக்கே கோட்டையும், கும்பினிப் படையும், மிஷன் பள்ளிகளும் கொண்ட பாளையங்கோட்டை. இரண்டையும் இணைக்க ஓடத்தைத் தவிர வேறு வழியில்லாத காலம் ஒன்று இருந்தது. ஆறு பெருகினால் ஓடம் நின்றுவிடும். வணிகரும் உழவரும் வழக்குக்கு வந்தோரும் வெள்ளம் வடியும் வரை கரையில் காத்துக் கிடந்தனர். துணிந்து இறங்கியோரில் சிலர் மறுகரையைக் காணவில்லை.

இந்நிலையை மாற்றியது 1843ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற சுலோச்சன முதலியார் பாலம். மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோச்சன முதலியார், ஏறத்தாழ 50,000 ரூபாய்ச் செலவு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டார். ஊராரிடம் நிதி திரட்டும் பொறுப்பே முதலில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்றும், போதிய பொருள் சேராமையால் தம் செல்வத்தையே அளிக்க முன்வந்தார் என்றும் கூறுவர். அவருடைய துணைவியார் தம் நகைகளையும் உவந்து கொடுத்தார் என்பது நெல்லையில் இன்றும் வழங்கும் செவிவழிச் செய்தி.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1799இல் பாஞ்சாலங்குறிச்சிமீது படையெடுத்த மேஜர் பானர்மேனுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ராமலிங்க முதலியாரே சுலோச்சன முதலியாரின் தந்தையார் என்பர். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஆட்சியின் ஊழியத்தில் வளர்ந்த குடும்பம் அது. அவ்வூழியத்தில் சேர்ந்த பொருளை மகன் மக்களுக்கே ஆற்றின்மேல் வழியாக்கித் தந்தார். அது கழுவாயா, இயல்பான ஈகையா என்று அவர் நெஞ்சுக்குள் புகுந்து தீர்ப்புக் கூற இயலாது. தந்தையின் பணியை மறைத்து மகனைப் புகழ்வதும், தந்தையின் பணியைக் காட்டி மகனின் கொடையை இகழ்வதும் நேரிய வரலாறு ஆகா. இரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்துக்கொண்டு அப்பாலத்தின்மேல் நடப்பதே முறை.

பாலத்தின் அழகைக் காண விரும்புவோர் மேலே நடந்தால் மட்டும் போதாது. ஆற்றங்கரையில் இறங்கி நிற்க வேண்டும். 760 அடி நீளத்திற்கு, ஒவ்வொன்றும் 60 அடி அகலமுள்ள 11 வளைவுகள் ஒரே சீராக நீரின்மேல் குனிந்து நிற்பதை அங்கிருந்தே முழுமையாகக் காணலாம். பாலத்தின் வளைவைக் 'கண்' என்று குறிப்பது தமிழ் வழக்கு. சுலோசனம் என்னும் வடசொல்லுக்கு அழகிய கண் என்பது பொருள். 11 கண்கள் கொண்ட பாலத்திற்கு இப்பெயர் வாய்த்தது தற்செயலே. கவிஞர் ஒருவர் தேடி வைத்திருப்பினும் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது.

ஹார்ஸ்லி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், இலண்டன் தேம்ஸ் நதியின் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டு இதனை அமைத்தார் என்பர். 1817இல் திறக்கப்பெற்ற அந்த மூலப் பாலம் 1930களில் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் சாயலில் எழுந்த நெல்லைப் பாலமோ பின்னாளில் அகலப்படுத்தப்பட்டு, 2023 டிசம்பர்ப் பெருவெள்ளத்தையும் தாங்கி நிற்கிறது.

பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயனுடையது. இலண்டன் பாலம் ஒரு போர் வெற்றியின் பெயரைத் தாங்கியது. மதுரையில் வைகைமீது 1889இல் அமைந்த பாலம், விக்டோரியா அரசியின் பேரனான ஆல்பர்ட் விக்டரின் பெயரைப் பெற்றது. வெற்றியும் அரச குலமும் பெயர் சூட்டிய அக்காலத்தில், நெல்லைப் பாலம் கொடுத்தவரின் பெயரைப் பெற்றது. பாலத்தைத் திட்டமிட்ட பொறியாளரோ, அன்று ஆட்சி செலுத்திய கலெக்டரோ அதற்குப் பெயராகவில்லை. கல்சுமந்து சுண்ணாம்பு குழைத்தவர்களின் பெயரும் எங்கும் இல்லை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அவர்களுடைய கைத்திறனுக்குப் பாலமே சான்று.

திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் இணைந்து ஒரே மாநகராட்சியானது 1994இல்தான். அரசாணை எழுதுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அவ்விணைப்பைத் தொடங்கி வைத்தது இப்பாலம். இன்று அதனருகே புதிய பாலம் ஒன்றும் எழுந்துள்ளது. பேருந்தில் விரைவோர் பலர் 'ஆத்துப்பாலம்' என்று மட்டுமே சொல்லிக் கடக்கின்றனர். அதில் குறையொன்றுமில்லை, கொடை, கொடுத்தவரை மறக்கும் அளவுக்கு மக்களின் உடைமையாகிவிட்டது என்றே அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆயினும் பள்ளி செல்லும் பிள்ளை ஒன்று, "யார் அந்தச் சுலோச்சன முதலியார்?" என்று கேட்கும்போது, உடன் வருபவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அந்த விடை மறையாதிருக்கும் வரைதான், கல்லில் உள்ள பெயர் வெறும் எழுத்தாகாமல் இருக்கும்.