வெந்நீர்த் தடாகத்தின் வரலாறு



இறக்காமத்தில் வாழ்வோருக்கு நீராட்டு என்றவுடன் நினைவுக்கு வருவது குளமே. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1855 முதல் 1860 வரை இந்நாட்டை ஆண்ட காலத்தில், இறக்காமக் குளமும் அம்பாறைக் குளமும் நெல் வேளாண்மையின் பொருட்டுத் திருத்தப்பெற்றன. வயலுக்குப் பாயும் அந்த நீரை ஆண்டின் பெரும்பகுதியும் ஞாயிறே காய்ச்சி வைக்கிறது. இத்தகைய நாட்டிலே வீட்டு நீச்சல் தடாகத்துக்கு வெப்பக் கருவி பூட்டுவதைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம்.

ஆயினும் மார்கழி மாதத்து மழையும் வாடைக் காற்றும் சேர்ந்த விடியற்பொழுதில், நம் நாட்டிலும் தண்ணீரில் இறங்க உடல் கூசத்தான் செய்யும். முதியோருக்கும் மூட்டு நோயுற்றோருக்கும் இளஞ்சூடான நீர் மருந்துக்கு ஒப்பானது. பிள்ளை பெற்ற தாய்க்கு மூலிகை அவித்த வெந்நீரே வேண்டுமென்பதை நம் மூதாட்டிகள் எவரும் சொல்லாமலே அறிந்திருந்தனர். ஓர் அண்டா நீரைக் காய்ச்சுவது எளிது. ஒரு தடாகத்தையே காய்ச்சுவதென்றால், அதற்கான விறகு யாருடையது, அதனைச் சுமப்பவர் யார், காய்ச்சிய சூடு எங்கே போகிறது என்னும் வினாக்கள் எழுகின்றன. வெந்நீர்த் தடாகத்தின் வரலாறு இம்மூன்று வினாக்களின் வரலாறேயாகும்.

பண்டைக் காலத்துப் பெருந்தடாகங்கள் யாவும் தண்ணீர்த் தடாகங்களாகவே இருந்தன. சிந்து வெளியிலே மொகெஞ்சதாரோ நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குளியற்றடாகம் ஏறக்குறைய 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் கொண்டது. அனுராதபுரத்து இரட்டைக் குளங்களில் பெரியதன் நீளம் 132 அடி. அகலம் 51 அடி. அவற்றைக் கட்டிய சிற்பியர் நீர் கசியாமற் காக்கவும் தெளிந்த நீரை வரவழைக்கவும் வல்லவராயிருந்தனர். எனினும் அத்தனை நீரையும் சூடாக்க அவர்கள் முனைந்ததாகச் சான்றில்லை.

வெப்பத்தை நாடியவர்கள் வேறு வழியைக் கண்டனர். புத்தர் காலத்தில் துறவியர் நோயுற்றதைக் கண்ட மருத்துவர் சீவகர், அவர்களுக்கு உலாவும் இடமும் வெப்பக் குளியலறையும் வேண்டுமென்று விண்ணப்பித்ததாகப் பௌத்தரின் விநய நூல் கூறுகிறது. அக்குளியலறைக்குச் ‘சந்தாகரம்’ என்று பெயர். அவ்வகைக் கட்டடத்தின் இடிபாடுகளைக் குருநாகல் மாவட்டத்து அரங்கலையில் இன்றும் காணலாம். ஒரு குளம் நிறைந்த நீரைக் காய்ச்சாமல், ஓர் அறையைச் சூடாக்கி அதனுள் மனிதரை அமர்த்துவதே அங்குக் கைக்கொண்ட முறை. சிறிய இடத்துக்குச் சிறிய தீ போதும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நீந்துதற்கேற்ற தடாகத்தையே சூடாக்கத் துணிந்தவர் உரோமாபுரிச் செல்வர். அகஸ்டஸ் பேரரசரின் நண்பரும் புலவர்களைப் போற்றிய வள்ளலுமான மெசீனாஸ் என்பார் கி.மு. 8ஆம் ஆண்டில் இறந்தார். அந்நகரில் வெந்நீர் நீச்சல் தடாகத்தை முதன்முதலாக அமைத்தவர் அவரே என்று, அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதிவைத்தார். மெசீனாசுக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழிந்த காலத்தில், இளைய பிளினி என்பவர் கடலோரத்திலிருந்த தம் மாளிகையைக் கடிதமொன்றில் வருணிக்கிறார். அங்கிருந்த வெந்நீர்த் தடாகத்தில் நீந்துவோர் நீந்திக்கொண்டே கடலைப் பார்க்கலாமாம்! இன்றைய விடுதிகளின் விளம்பரங்கள் பேசும் இன்பம் பத்தொன்பது நூற்றாண்டு பழைமையுடையது.

அந்நீர் எவ்வாறு சூடேறியது? கட்டடக் கலை நூல் யாத்த விட்ருவியஸ் அதன் முறையை விளக்கியுள்ளார். இரண்டடி உயரச் செங்கற்றூண்களின்மீது தளம் அமைத்து, அதன் கீழே உலையின் அனலை ஓடவிட்டனர். உலையின்மேல் மூன்று வெண்கலக் கொப்பரைகள் இருந்தன. ஒன்றில் வெந்நீர், மற்றொன்றில் இளஞ்சூட்டு நீர், மூன்றாவதில் தண்ணீர். வெந்நீர் எவ்வளவு செலவாயிற்றோ, அவ்வளவை இளஞ்சூட்டு நீர் வந்து நிரப்பும். அதன் இடத்தைத் தண்ணீர் நிரப்பும். வெப்பம் வீணாகாத நுட்பமான ஏற்பாடு இது. ஆயினும் இரவும் பகலும் உலைவாயிலில் விறகு தள்ளி நின்றவர்கள் அடிமைகள். அவர்களுடைய பெயரை எந்தக் கடிதமும் குறிக்கவில்லை. உரோமரிலேயே செனெக்கா என்னும் தத்துவ ஞானி, கார்த்தேசை வென்ற சிப்பியோவின் சிறிய இருண்ட குளியலறையை நினைந்து, தம் காலத்தாரின் ஆடம்பரத்தைக் கடிந்துரைத்தார்.

அனல் ஓடும் தளத்தை உரோமரிடமிருந்து அரபு நாட்டார் பெற்றுக்கொண்டனர். இன்றைய ஜோர்தான் நாட்டிலுள்ள குசைர் அம்ரா என்னும் 8ஆம் நூற்றாண்டு உமையாக் கட்டடத்தில் அத்தகைய குளியலறை உண்டு. ஆனால் ஹம்மாம் என்னும் முஸ்லிம் குளியல் மனை ஒரு பெரும் மாற்றத்தைச் செய்தது. தேங்கிய நீரில் பலரும் மூழ்கும் பெருந்தடாகம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. சிறு தொட்டியிலிருந்து ஓடும் நீரை மொண்டு குளிக்கும் வழக்கம் வந்தது. குவிமாடக் கூரையும் தடித்த சுவரும் வெப்பத்தை வெளியே விடாமற் காத்தன. ஹம்மாம்கள் பல வக்பு என்னும் அறக்கொடைச் சொத்துக்களாக இருந்தமையால், அவற்றின் வருவாய் பள்ளிவாசலுக்கும் மதரசாவுக்கும் பயன்பட்டது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, அதற்கு முன் பக்தாதின் ஹம்மாம்களைக் கண்டு வியந்தவர். ஒவ்வோர் அறையிலும் வெந்நீருக்கு ஒரு குழாயும் தண்ணீருக்கு ஒரு குழாயும் இருந்ததையும், குளிப்போருக்கு மும்மூன்று துணிகள் கொடுக்கப்பட்டதையும் அவர் மறவாமற் குறித்துள்ளார். மெசீனாசின் தீ ஒரு மாளிகைக்கு எரிந்தது. ஹம்மாமின் தீ ஓர் ஊருக்கு எரிந்தது.

பின்னர் வந்த யந்திர யுகம் தனிமனிதனின் தடாகத்தை மீண்டும் கொணர்ந்தது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் குடும்பத்தார் ஒருவர் 1895ஆம் ஆண்டில் திறந்த பில்ட்மோர் மாளிகையில் 70,000 கலன் கொள்ளும் வெந்நீர் நீச்சல் தடாகம் அமைந்திருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் வாயுவும் மலிந்த இருபதாம் நூற்றாண்டில் நடுத்தரக் குடும்பங்களும் அவ்வின்பத்தை விரும்பின. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அந்த மலிவு நிலையானதன்று என்பதை உலகுக்கு உணர்த்தியது. நம் நாட்டாருக்கு அவ்வுண்மையை 2022ஆம் ஆண்டு உணர்த்தியது. எரிவாயுக் கலத்துக்காக வரிசையில் நின்றவர்களும், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரமின்றி இருந்தவர்களும் அதனை எளிதில் மறவார்.

இனி ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் உள்ள வீட்டுத் தடாகம் 75,000 லீற்றர் நீர் கொள்ளும். அதன் வெப்பத்தை 5 பாகை உயர்த்த 375,000 கிலோகலோரி வேண்டும். விறகின் அனலிற் பாதி வீணாகுமென்று கொண்டால், இதற்கு 200 கிலோவுக்கு மேற்பட்ட காய்ந்த விறகு செலவாகும். மின்கம்பியை நேரே சூடாக்கிச் செய்தால் ஏறத்தாழ 436 அலகு மின்சாரம் செலவாகும். இப்போது வழங்கும் வெப்பப் பம்பி, குளிர்சாதனப் பெட்டியின் வேலையைத் திருப்பிச் செய்வது. காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சி நீருக்குள் செலுத்துவது. நம்முடையது போன்ற வெப்ப நாட்டில் அது அவ்வேலையை ஏறத்தாழ 90 அலகில் முடிக்கக் கூடும்.

ஆயினும் கருவி எத்தகையதாயினும், அது ஈட்டிய வெப்பத்தைத் தடாகம் எவ்வாறு இழக்கிறது என்பதே முதன்மையான செய்தி. மட்பானையில் வைத்த நீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேனியிற் கசிந்த நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கிறது. திறந்த தடாகமும் ஒரு பெரிய மட்பானையே! ஒரு லீற்றர் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கிலோகலோரி வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட தடாகத்தில் ஒரு நாளில் 5 மில்லிமீற்றர் நீர் ஆவியானால், 250 லீற்றர் நீரும் அதனுடன் ஏறத்தாழ 2 பாகை வெப்பமும் போய்விடும். திறந்த தடாகங்கள் இழக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு ஆவியாதலாலேயே போகிறதென்று ஆராய்ந்தோர் கூறுவர். ஆதலின் வெப்பக் கருவி வாங்க எண்ணுபவர் முதலில் வாங்கவேண்டியது மேலே விரிக்கும் உறையே. அது செலவிற் பாதிக்கும் மேலாக மிச்சப்படுத்த வல்லது, நீரையும் காக்கும். நெற்பயிர் வாடும் கோடையிலே இந்த இரண்டாவது நன்மை முதலாவதைவிடப் பெரியது. அதன் பின்பும் சூடு போதாதாயின், கூரைமீது கருங்குழாய்களைப் பரப்பி அவற்றினூடே நீரை ஓடவிட்டால், ஞாயிறு கூலியின்றி உழைக்கும்.

விறகு கேளாமலே சூடாயிருக்கும் நீரும் நம் மாவட்டத்தில் உண்டு. மஹா ஓயாவிலுள்ள வெந்நீர்க் கிணறுகளில் 50 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் நீர் ஊறுகிறது. இங்கே எரிமலை எதுவும் இல்லை. பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்குச் செல்லும் மழைநீர், பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி மீண்டும் மேலே வருகிறது. ஒரு கிலோமீற்றர் ஆழம் செல்லுந்தோறும் பாறையின் வெப்பம் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை வரை உயரும். திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகளும் இவ்வகையினவே. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக அவற்றைத் தோற்றுவித்தான் என்பது வழிவழி வந்த கதை. இந்நீரை எந்தச் செல்வரும் காய்ச்சவில்லை. எந்த அடிமையும் உலைவாயிலில் நிற்கவில்லை. நோயுற்ற உழவரும் வழிப்போக்கரும் சமமாக நின்று அதில் ஒரு வாளி மொண்டு ஊற்றிக்கொள்கின்றனர். ஊர்ப்பொதுவான அந்த உரிமையை எக்காலத்தும் பேணுதல் நம் கடமையாகும்.

வீட்டில் வெந்நீர்த் தடாகம் வைத்திருப்பது குற்றமன்று. நோயாளிக்கு அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால் தீயை மூட்டுமுன் சூட்டை எவ்வாறு காப்பதென்று எண்ணியவர்களின் வழிமுறையே நிலைத்தது என்பதை வரலாறு காட்டுகிறது. மெசீனாசின் தடாகம் இன்று இருக்குமிடம் தெரியவில்லை. சந்தாகரத்தின் சிறிய அறையும் ஹம்மாமின் குவிமாடமும் கற்பித்த பாடத்தைத்தான் இன்று தடாகத்தின்மேல் விரியும் உறை நமக்குத் திரும்பக் கற்பிக்கிறது.