கீழ்வீடு, மேல்வீடு, தேவ்னார்

கட்டடம் கட்ட அனுமதி கேட்டு ஒரு வரைபடம் போனால் அதிகாரிகள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? சாலை எத்தனை அடி, எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, வண்டி எங்கே நிற்கும், தீயணைப்பு வண்டி உள்ளே வருமா என்று பார்க்கிறார்கள். இந்த இடத்துக்கு யார் எதுக்காக வந்தாங்க, யார் இதை மேடாக்கினாங்க என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. மும்பை தாராவியின் நூறாண்டு வரலாறு அந்த இல்லாத இடத்தில்தான் கிடக்கிறது. அதில் நம் சனங்களின் வரலாறும் இருக்கிறது.

தாராவி முதலில் கோலி மீனவர்களின் ஊர். மாகிம் கழியை ஒட்டிய சதுப்பு நிலம். அன்றைய பம்பாய் மாகிமோடு முடிந்துவிடும். பாந்த்ராவில் கசாப்புக்கூடம் இருந்தது. பச்சைத்தோல் பக்கத்திலேயே கிடைத்தது, தண்ணீரும் இருந்தது, நாற்றம் நகரத்துக்குள் வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் ஷாப்புகள் அங்கே வந்தன. முதலாளிகளாகத் தமிழ் முஸ்லிம்கள் வந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை மிதிக்கவும் சதை சீவவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிட மக்கள் போனார்கள். ஊரிலே ஊருக்கு வெளியே சேரி. பம்பாயிலே நகரத்துக்கு வெளியே தாராவி. ரயிலேறி ஆயிரம் மைல் போனாலும் நம்மாளுக்குக் கிடைத்த இடம் எல்லைக்கு அந்தப் பக்கம்தான்.

குப்பையும் மண்ணும் கொட்டிச் சதுப்பை மேடாக்கியது மாநகராட்சி அல்ல, குடியிருந்தவர்கள். சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் சூளை போட்டார்கள். வீட்டு வாசலில் பானை காயும், பின்னால் சூளை எரியும். நம் பெண்கள் விடியுமுன் எழுந்து இட்லி அவித்தால்தான் அந்த அடுக்கு மற்றவர் தலையிலேறி நகரமெல்லாம் போகும். கீழே தையல் மெஷின், மேலே ஏணிவைத்து ஏறினால் படுக்கை. குடியிருப்பும் தொழிலும் கலந்த கட்டடம் என்று இன்றைக்குத் திட்ட வல்லுநர்கள் புதுமையாகப் பேசுகிறார்களே, அதை எங்காளுங்க தகரமும் பலகையும் வைத்து எப்பவோ கட்டிட்டாங்க. அப்போது அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ஆக்கிரமிப்பு.

1971இல் கசாப்புக்கூடம் தேவ்னாருக்குப் போனது. அதன் பிறகு தோல் பதனிடும் வேலையும் நகரத்துக்கு ஆகாது என்று வெளியேற்றப்பட்டது. தைப்பதும் விற்பதும் மட்டும் தாராவியில் தங்கின. அதற்குள் நகரம் வடக்கே வளர்ந்துவிட்டது. கழிக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் எழும்பியது. ஓரமாகக் கிடந்த சேரி நடுவூராகிவிட்டது. சகதியாகக் கிடந்தவரை யாரும் கேட்காத மண் தங்கமான பிறகுதான் திட்டங்கள் வரிசையாக வந்தன.

1985இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு அறிவித்த நூறு கோடியில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. 2004இல் தாராவி முழுவதையும் ஒரே திட்டமாக்கி மாடிக் கட்டடங்கள் கட்டுவது என்று மாநில அரசு முடிவெடுத்தது. குடிசைவாசிகளுக்கு ஒரு பகுதி, விற்பனைக்கு மறுபகுதி, அலுவலகம், கடை எல்லாம் அதில் அடக்கம். 2007இல் உலக அளவில் கம்பெனிகளை அழைத்து விளம்பரம் வந்தது.

இங்கேதான் பரிசீலனை என்ற சொல்லை உற்றுப் பார்க்க வேண்டும். மும்பையில் மற்ற குடிசைப் பகுதிகளில் ஒரு கட்டுமானக்காரர் திட்டம் கொண்டுவந்தால் நூற்றுக்கு எழுபது குடும்பங்கள் சம்மதிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. தாராவிக்கு அது தேவையில்லை என்றார்கள். காரணம், இது அரசாங்கமே நடத்தும் திட்டமாம். அனுமதி தரும் அதிகாரமும் மாநகராட்சியை விட்டுக் குடிசை மறுவாழ்வு ஆணையத்திடம் போனது. வார்டுக்கு ஓட்டுக் கேட்டு வந்த கவுன்சிலரிடம் போய், 'ஐயா, எங்க வீடு என்னாச்சு?' என்று கேட்டால் அவர் கையில் ஒன்றுமில்லை. மிஞ்சியது ஆட்சேபணை எழுதிக் கொடுக்கும் உரிமை. படிப்பறிவை மறுத்த சாதியச் சமூகம், மறுக்கப்பட்டவனிடமே மனு எழுதி வா என்கிறது.

ஆனாலும் சனங்கள் சும்மா இருக்கவில்லை. 2007இல் கறுப்புக்கொடி பிடித்து நடந்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். 1976இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டதைக் கண்ணால் கண்டவர் அவர். முதலில் 225 சதுர அடி என்ற வீடு பின்னால் 300 ஆகி இன்று 350 ஆகியிருக்கிறதே, அது யாரும் போட்ட பிச்சை அல்ல. தெருவில் நின்று வாங்கியது.

2022இல் 5,069 கோடி ரூபாய் கேள்வியில் ஒப்பந்தம் அதானி குழுமத்துக்குப் போனது. திட்ட நிறுவனத்தில் மாநில அரசின் பங்கு இருபது விழுக்காடு. 2025 மே மாதம் மொத்த வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் விதி மனிதர்களை இப்படிப் பிரிக்கிறது: 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து கீழ்வீட்டில் இருப்பவனுக்குத் தாராவியிலேயே இலவசமாக வீடு. அதற்குப் பிறகு 2011 வரை வந்தவன் இரண்டரை லட்சம் கட்டித் தாராவிக்கு வெளியே போக வேண்டும். 2011க்குப் பின் வந்தவனுக்கும் மேல்வீட்டுக்காரனுக்கும் வெளியே வாடகைக்கோ தவணைக்கோ வீடு.

மேல்வீட்டில் இருப்பது யார்? கீழே இருப்பவரின் கலியாணமான மகன், நேற்று ஊரிலிருந்து பிழைக்க வந்த அக்கா மகன், வாடகைக்கு இருக்கும் தையற்காரன். ஒரே ஏணியில் ஏறி இறங்கிய குடும்பத்தை ஏணியோடு வெட்டுகிறது விதி. தொழில் கீழே, தொழிலாளி நகரத்தின் மறுகோடியில். காலை நாலு மணிக்கு இட்லி வாங்க அங்கே யார் வருவான்?

வெளியே என்றால் எங்கே? 2024இல் இத்திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் தந்த இடங்களில் உப்பளங்களும் தேவ்னார் குப்பைமேடும் உண்டு. 1927 முதல் நகரத்தின் கழிவு கொட்டப்படும் இடம் அது. அன்றைக்குத் தோல் நாறுகிறது என்று வேலையைத் துரத்தினார்கள், இன்றைக்கு மனிதரை அங்கேயே அனுப்பப் பார்க்கிறார்கள். இதைச் சாதி என்று எந்த வரைபடமும் எழுதாது. நாம்தான் எழுத வேண்டும்.

கட்டடம் வேண்டாம் என்று தாராவியில் யாரும் சொல்லவில்லை. கக்கூசுக்கு வரிசையில் நின்ற பெண்ணுக்கு வீட்டுக்குள் கக்கூசு வேண்டும்தான். மேல்வீட்டுக்காரனையும் எண்ணு, தொழிலையும் வீட்டையும் பிரிக்காதே, வரைபடத்தைத் தமிழிலும் விளக்கிச் சொல்லிவிட்டுச் சம்மதம் கேள் என்பதுதான் கேட்பது. சதுப்பை மேடாக்கியவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடப்பது பரிசீலனை ஆகாது.