சந்திரக் கலத்தின் தண்ணீர்

ஆகாய வெளியின் குளிரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், அங்கே செல்லும் யந்திரங்களுக்குச் சூடும் ஒரு தொல்லையா என்று ஐயுறுவது இயல்பே. ஆனால் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு விலகக் காற்றே இல்லாத அந்தச் சூனியத்தில், மின்சாரம் பாய்ந்து சூடேறிய சாதனம் தன் வெப்பத்தைக் கிரணங்களாக வெளிவிட்டாலன்றி மெல்ல மெல்ல வெந்தே போகும். 1957 அக்டோபர் 4-ஆம் தேதி சோவியத் நாட்டார் ஏவிய ஸ்புட்னிக் செயற்கைக்கோளின் உருண்டைக்குள் நைட்ரஜன் வாயுவும் ஒரு சிறு விசிறியும் இருந்தது இதனால்தான்.

அமெரிக்கர் கண்ட உபாயம் வேறு. அப்பல்லோவின் சந்திரக் கலத்தில் கணிப்பொறி முதலிய சாதனங்களை உலோகத் தகடுகளின்மேல் பொருத்தி, தகடுகளுக்குள் கிளைக்கால் என்னும் திரவம் கலந்த நீரை ஓடவிட்டு, அது ஏந்திவந்த சூட்டை நுண்துளைகள் நிறைந்த மற்றொரு தகட்டிடம் ஒப்படைத்தார்கள். அத்துளைகளில் கசியும் தனித் தண்ணீர், வெளிச் சூனியத்தைக் கண்டதும் பனிக்கட்டியாக உறைந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, உருகாமலே ஆவியாகிப் பறந்துவிடும். நம் மண்பானை கசிந்து குளிர்வதற்கு இது தூரத்து உறவு. தொல்லை தந்த சூனியத்தையே வேலை வாங்கிய அபாரமான யுக்தி. ஆயினும் போன தண்ணீர் போனதுதான்.

அந்த நஷ்டத்தின் கனம் 1970 ஏப்ரலில் விளங்கிற்று. அப்பல்லோ 13-இன் பிராணவாயுத் தொட்டி வெடித்ததும், அதில் சென்ற விண்வெளி வீரர்கள் லவெல், ஸ்விகர்ட், ஹேய்ஸ் மூவரும் சந்திரக் கலத்தில் தஞ்சம் புகுந்தனர். மூச்சுக்குப் பிராணவாயு போதுமானதாயிருந்தது. தண்ணீரோ, பூமியின் வாயுமண்டலத்தை எட்டுவதற்குச் சுமார் 5 மணி நேரம் முன்னதாகவே தீர்ந்துவிடும் என்று ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் கணக்கிட்டார்கள். முன்னம் அப்பல்லோ 11 விட்டுவந்த கலம், குளிர்நீர் இல்லாமலே 7, 8 மணி நேரம் இயங்கிக் காட்டியிருந்தது ஒன்றே ஆறுதல்.

கலத்தைப் பூமியை நோக்கி விரைவாக உந்திய பின், சூடும் நீர்ச்செலவும் குறையக் கணிப்பொறியையே அணைத்துவிட்டார்கள். சாதனங்கள் ஓய்ந்ததால் அறையில் குளிர் ஏறி, சுவர்களில் நீர் முத்து முத்தாய்க் கோத்து நின்றது. நாளொன்றுக்கு ஆளுக்குச் சுமார் 180 மில்லிலிட்டர், அதாவது வழக்கத்தில் ஐந்திலொரு பங்கு, குடித்து அவர்கள் காலம் தள்ளினர். ஆபத்தில் மனிதனுக்கு முன் யந்திரத்துக்கு வார்க்க வேண்டிய ஏற்பாட்டை, அதன் நுட்பத்தை எவ்வளவு வியந்தாலும், முழுமையானதென்று நான் ஒப்பமாட்டேன். கரை சேர்ந்தபோது மூவரும் சேர்ந்து 14 கிலோ எடை இழந்திருந்தார்கள். கைவிட்ட சந்திரக் கலத்தில் மிஞ்சியிருந்த தண்ணீர் சுமார் 13 கிலோ.