தாது வருடமும் மனித குலத்தின் எதிர்காலமும்

நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் இன்னும் பிறக்காதவர்களைப் பற்றியது. மனித குலம் பத்தாயிரம் ஆண்டுகளோ லட்சம் ஆண்டுகளோ கழித்தும் இந்தப் பூமியில் இருக்குமா? இந்தக் கேள்விக்கும் சேரிக்கும் என்ன தொடர்பு, நாளைய ரேஷன் அரிசிக்கே உறுதியில்லாதவர்களுக்கு லட்சம் ஆண்டுக் கணக்கு எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கணக்கை இப்போது வேறு யாரோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போடும் கணக்கில் நாம் எந்தப் பத்தியில் வருகிறோம் என்று பார்த்துவிடுவது நல்லது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டோபி ஆர்ட் 2020இல் வெளியிட்ட நூலில், அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் மனித குலத்தின் எதிர்காலமே பறிபோகும் பேரழிவு நேரும் வாய்ப்பை ஆறில் ஒன்று என்று மதிப்பிடுகிறார். எரிமலை, விண்கல் போன்ற இயற்கை ஆபத்துகளுக்கு அவர் தரும் பங்கு மிகவும் சிறியது. மனிதர்களே உருவாக்கிய ஆபத்துகளே அவர் கணக்கில் பெரியவை. இதுவரை நமக்கும் மறுப்பில்லை. இத்துறை அறிஞர்கள் இன்னொரு பிரிவினையும் செய்கிறார்கள். எல்லோரையும் அழிக்கும் பேரழிவு ஒரு வகை. கோடிக்கணக்கானோர் மடிந்தாலும் மிச்சமிருப்பவர்கள் மீண்டெழக்கூடிய பேரழிவு இன்னொரு வகை. இரண்டாவது எவ்வளவு கொடியதானாலும், நீண்டகாலக் கணக்கில் அது ஓர் இடறல் மட்டுமே. அந்த இடறலைத்தான் நாம் சற்று நிறுத்திப் பார்க்க விரும்புகிறோம்.

அதற்குப் பொருத்தமான ஓர் இடம் இருக்கிறது. மாம்பழத்தால் பெயர் தெரிந்த பங்கனப்பள்ளிக்கு அருகே, ஆந்திரத்தின் கர்நூல் பகுதியில், ஜ்வாலாபுரம் என்றொரு கிராமம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராத் தீவில் தோபா எரிமலை வெடித்தது. கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் நடந்த மிகப்பெரிய வெடிப்புகளுள் அது ஒன்று. அதன் சாம்பல் கடல் தாண்டி வந்து இந்தியாவின் மீது படிந்தது. ஜ்வாலாபுரத்தில் வெட்டப்பட்ட குழிகளில் இன்றும் அந்தச் சாம்பல் வெள்ளைப் படுகையாகத் தெரிகிறது. சில இடங்களில் அதன் கனம் இரண்டரை மீட்டர். மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் முதலானோர் அங்கே அகழ்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாம்பலுக்குக் கீழே கற்கருவிகள் கிடைத்தன. சாம்பலுக்கு மேலேயும் ஏறக்குறைய அதே வகைக் கற்கருவிகள் கிடைத்தன.

அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் நம் இனத்து மனிதர்களா, வேறு மனித வகையினரா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. எலும்பு கிடைக்கவில்லை. தோபா வெடிப்பால் உலகெங்கும் சில ஆயிரம் பேர் மட்டுமே மிஞ்சினார்கள் என்று 1990களில் பலமாகப் பேசப்பட்ட கருத்தை ஜ்வாலாபுரம் ஆட்டங்காண வைத்தது. கல்லைச் சில்லாக உடைக்கத் தெரிந்த ஒரு கூட்டம், வானமே சாம்பலாகக் கொட்டிய பின்னும் அதே பள்ளத்தாக்கில் வாழ்வைத் தொடர்ந்திருக்கிறது. அவர்களிடம் களஞ்சியம் இல்லை. களஞ்சியத்துக்குப் பூட்டும் இல்லை.

இனி அதே மண்ணில் 74,000 ஆண்டுகளைத் தாண்டி வருவோம். 1876இல் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு பசிபிக் பெருங்கடலில் மிகக் கடுமையான எல் நினோ. தமிழில் நாம் தாது வருடப் பஞ்சம் என்கிறோம். தெலுங்கு மக்களும் அதை அந்த வருடத்தின் பெயராலேயே சொல்கிறார்கள். 1871 கணக்கெடுப்புக்கும் 1881 கணக்கெடுப்புக்கும் இடையில் கர்நூல் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துபோனது. சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்தது 16 லட்சமானது. எரிமலையைத் தாங்கிய மண் ஈராண்டு மழையின்மையைத் தாங்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அங்கே நடந்தது வேறு.

பண்ணையாளுக்குக் கூலி தானியமாகக் களத்தில் அளக்கப்பட்டது. விளைச்சல் இல்லையென்றால் களம் இல்லை, களம் இல்லையென்றால் கூலி இல்லை. கையில் காசு என்று ஒன்று கிடையாது. சந்தையில் விலையோ இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. நிலம் வைத்திருந்தவர் அடகு வைத்தார், மாட்டை விற்றார், நகையை விற்றார், பிறகுதான் பட்டினி கிடந்தார். பறையரும் பள்ளரும் சக்கிலியரும் மாலாக்களும் மாதிகாக்களும் முதல் மாதத்திலேயே பட்டினிக்கு வந்துவிட்டார்கள். விற்க அவர்களிடம் இருந்தது உடல் ஒன்றுதான். தானியம் நாட்டில் இல்லாமல் போகவில்லை. ரயிலில் போனது, கப்பலிலும் ஏறியது. 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் விருந்துகளோடு நடந்தது.

அந்த ஜனவரியில்தான் ரிச்சர்டு டெம்பிள் பஞ்சப் பிரதிநிதியாகச் சென்னைக்கு வருகிறார். இவர் பஞ்சம் தெரியாத மனிதர் அல்ல. மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்குமதி செய்யப்பட்டது. அந்த நிவாரணத்தில் முன்னின்றவர் இவர்தான். அங்கே பட்டினிச் சாவு மிகமிகக் குறைவு. பாராட்டு கிடைத்ததா? வீண்செலவு செய்துவிட்டார் என்ற ஏச்சுதான் கிடைத்தது. சென்னைக்கு வந்த டெம்பிள் அந்த ஏச்சைக் கழுவிக்கொள்ள முனைந்தார். நிவாரண வேலைக்கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும் என்று வெட்டினார். அதை வாங்கிக்கொண்டு நாள் முழுதும் கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும். நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமில் தரப்பட்ட உணவைவிடவும் இதில் கலோரி குறைவு என்று மைக் டேவிஸ் பின்னாளில் கணக்கிட்டுக் காட்டினார்.

எதிர்த்துப் பேசியவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். இந்த மாகாண மக்களின் உணவையும் சிறைக் கைதிகளின் உணவளவையும் 1863இலேயே ஆராய்ந்து எழுதியவர். 1871இல் இம்மாகாண மக்களைக் கணக்கெடுத்து அறிக்கை எழுதியவரும் அவரே. ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். பம்பாய் மாகாணத்தில் கூலியாட்கள் பல்லாயிரக்கணக்கில் வேலைத்தளங்களைவிட்டு வெளியேறி அந்தக் கூலியை மறுத்தார்கள். பட்டினி கிடந்தவர்கள் செய்த வேலைநிறுத்தம் அது. சென்னையில் மே மாதம் கூலி உயர்ந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பஞ்ச வேலைகளில் ஒன்றாகத்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு வெட்டப்பட்டது. ஆளுநரின் பெயரைச் சூட்டினார்கள். இன்று அதன் கரைகளில் குடியிருப்போரைத்தான் நகருக்கு வெளியே பெயர்த்துக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

பிரிட்டிஷ் இந்தியாவில் செத்தவர்கள் சுமார் 55 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிடக் கூடுதலான மதிப்பீடுகளும் உண்டு. சென்னை மாகாணத்தின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்போம். 1871இல் 3 கோடியே 12 லட்சம். 1881இல் 3 கோடியே 8 லட்சம். 1891இல் 3 கோடியே 56 லட்சம். நீண்டகாலக் கணக்குப் போடும் அறிஞர் இந்த மூன்று எண்களைப் பார்த்தால் மீட்சி என்றுதான் எழுதுவார். கோடு சற்றே இறங்கி மீண்டும் ஏறிவிட்டது. தானியக் கூலி வாங்கியவர்களின் குடிசைகளில் எத்தனை அடுப்புகள் பிறகு எரியவே இல்லை என்பதை அந்தக் கோடு காட்டாது. மனித குலம் பிழைத்தது என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எழுவாயாக யார் நிற்கிறார்கள் என்பதில்தான் நமக்குச் சந்தேகம்.

1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது, பஞ்சச் சட்டத்தொகுப்பு வந்தது. எப்போது அறிவிக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டது. அதன் பிறகு பல பஞ்சங்களில் அது உயிர்களைக் காத்தும் இருக்கிறது. ஆனால் 1943இல் வங்காளத்தில் பஞ்சம் என்று அறிவிக்கவே மறுத்துவிட்டார்கள். கையிலிருந்த நூல் பிரிக்கப்படவில்லை. நிலத்தின் கதையும் இதை ஒட்டியதுதான். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய குறிப்பை அடுத்து, 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கும் ஆணை வந்தது. பிற சாதியாருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையோடு வந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பது இந்த அரங்குக்குத் தெரியும். 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டவர்களைத் துப்பாக்கிச் சூடு எதிர்கொண்டது. இருவர் உயிரிழந்தார்கள். அடுத்த மழை பொய்க்கும்போது விற்பதற்கு உடலைத் தவிர வேறொன்று இருக்க வேண்டும் என்பதைத்தான் அந்த மக்கள் கேட்டார்கள். மனித குலத்தின் நெடுங்காலப் பிழைப்பு பற்றி நம் மண்ணில் நடந்த தீவிரமான விவாதங்களில் அதையும் ஒன்றாக வைக்கிறோம்.

பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ தீவில் பாறைக்குள் நானூறு மீட்டருக்கும் கீழே அணுக்கழிவைப் புதைக்கச் சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். லட்சம் ஆண்டுகளுக்குக் கசியாமல் இருக்க வேண்டும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் யோசிக்க அரசுகளுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் கேட்பது மிகக் குறுகிய காலத்துக்கான கணக்கு. அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது 1876இல் வந்தது. பிறகு 1936இல் வந்தது, 1996இல் வந்தது. அடுத்த தாது வருடம் 2056. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும்.