எக்ஸ்எம்எல் கோப்பில் நம் பெயர்கள் அழியாதிருக்க

காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்கள், இடம்பெயர்ந்த குடும்பங்களின் விபரங்கள், காணி விபரங்கள் போன்றவற்றைக் கணினியில் தொகுக்கும் இளையோர் பலர் எக்ஸ்எம்எல் கோப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். செய்திக்காக இத்தகைய பட்டியல்களைத் திறக்கும்போது, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் நிற்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். பெரும்பாலும் இதற்குக் காரணம் எழுத்துக் குறியாக்கம்தான்.

எக்ஸ்எம்எல் 1.0 தரநிலை 1998 பெப்ரவரியில் வெளியானது. கோப்பின் முதல் வரியில் குறியாக்கத்தின் பெயரை அறிவிக்கலாம். தமிழுக்கு யூடிஎஃப்-8 பொருத்தமானது. ஆனால் அந்த அறிவிப்பு ஒரு பெயர்ப்பலகை மட்டுமே; அது எழுத்துகளை மாற்றாது. உள்ளே எழுதப்படும் பைட்டுகளும் அதே குறியாக்கத்தில் இருக்கவேண்டும்.

ஜாவா: டிரான்ஸ்ஃபோர்மருக்கு யூடிஎஃப்-8 என்று கொடுப்பதோடு, கோப்பை எழுதும் ரைட்டருக்கும் அதையே கொடுங்கள். 2022இல் வந்த ஜாவா 18க்கு முந்திய பதிப்புகளில், சொல்லாவிட்டால் கணினியின் சொந்தக் குறியாக்கமே பயன்படும்.

பைத்தன்: எலிமென்ட்ட்ரீ, சொல்லாவிட்டால் ஆஸ்கியில் எழுதும். அப்போது 'க' என்ற எழுத்து 2965 என்ற எண்குறியாகப் பதிவாகும். தரவு அழியாது; ஆனால் கண்ணால் வாசிக்க முடியாது. யூடிஎஃப்-8ஐக் குறிப்பிட்டு, முதல் வரி அறிவிப்பையும் எழுதச் சொல்லுங்கள்.

சி ஷார்ப்: ஸ்ட்ரிங்ரைட்டர் வழியாக எழுதினால் முதல் வரியில் யூடிஎஃப்-16 என்று வரும். அதை யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் இரண்டும் முரண்படும். குறியாக்கத்தை அமைத்து, நேரடியாகக் கோப்பு ஸ்ட்ரீமுக்கு எழுதுவதே நல்லது.

நம்மிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. அதில் 'அம்மா' என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள் மட்டுமே. யூடிஎஃப்-8 என அறிவித்தாலும் அவை தமிழாகா. முதலில் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். பிறகே எக்ஸ்எம்எல்லில் சேருங்கள்.

பிழை வந்தால் அதன் தோற்றத்தைப் பாருங்கள். புரியாத ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் பைட்டுகள் பெரும்பாலும் தப்பியிருக்கும். சரியான குறியாக்கத்தில் திறந்து மீட்கலாம். கோப்பிலேயே கேள்விக்குறிகள் பதிவாகியிருந்தால் அதற்குள் மீட்க எதுவும் இல்லை. 'அம்மா' ஐந்து கேள்விக்குறிகளாகும்; அதே நீளமுள்ள எந்தச் சொல்லும் அப்படியே ஆகும். அதனால் மூலக் கோப்பையும் கையெழுத்துப் பிரதியையும் ஒருபோதும் வீசிவிடாதீர்கள். மாற்றிய ஒவ்வொரு கோப்பையும் வேறொரு கணினியில் திறந்து, சில பெயர்களையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.