ஸ்பொன்சர் (கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈழத்து அகதிகளிடையே)

ஈழத்தமிழர் பேச்சில் ஸ்பொன்சர் என்றதும் முதலில் கலியாணம்தான் நினைவுக்கு வரும்: கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் கணவன் ஊரிலிருக்கும் மனைவியைக் கூப்பிட்டுக்கொள்வது. மலேசியாவின் கோலாலம்பூர், பூச்சோங், கிள்ளான் வட்டாரத்தில் அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு அச்சொல் வேறொன்றையும் குறிக்கும். ஓர் அகதியைத் தம் பொறுப்பில் மூன்றாம் நாட்டுக்கு வரவழைத்து, வந்தபின் ஓராண்டு தாங்குகிற தனியாரோ அமைப்போ அவர்களுக்கு ஸ்பொன்சர்.

மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, அனுமதியின்றி நுழைந்தவர் அகதியானாலும் குற்றவாளியே. 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படி வரை என்கிறது சட்டம். 1975 முதல் இங்கு இயங்கும் ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். தரும் அட்டையை எல்லாரும் ‘யூஎன் கார்டு’ என்பார்கள். அது இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம் பாதியாகும். வேலை செய்யும் உரிமையோ, பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கும் உரிமையோ அதனால் வராது. முழுக் காப்பும் அல்ல: 2014 மே மாதம் பிடிபட்டு இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட மூன்று தமிழர்களும் யு.என்.எச்.சி.ஆரிடம் பதிந்தவர்கள். 2019 ஆகஸ்டுக்குப் பின் தடுப்பு முகாம்களுக்குள் போகவும் அந்த அமைப்புக்கு அனுமதியில்லை. அம்முகாம்களில் ஒன்றான புக்கிட் ஜாலில் பூச்சோங்கின் அண்டையில்தான் இருக்கிறது.

ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி வளர்ந்த ஊர் பூச்சோங். கோயில், தமிழ்ப்பள்ளி, உணவுக்கடை என்று தமிழிலேயே நாளை ஓட்டிவிடலாம். மலாய் தெரியாமல் வந்திறங்கியவருக்கு இது பெரிய ஆறுதல். ஸ்பொன்சர் பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டுக்கும் இதே தமிழ்தான் முதலீடு. ஊர்ப்பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், தூரத்து உறவு ஒன்று, பிறகு ‘கனடாவில எங்கட ஆள் இருக்கிறார்’. இப்படித்தான் பேச்சு தொடங்கும்.

கனடாவின் தனியார் ஸ்பொன்சர் முறைக்கு 1976ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் வழிவகுத்தது. 1979இல் இந்தோசீன அகதிகள் வழியாக அது பேரளவில் நடைமுறைக்கு வந்தது. கனடியக் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ ஐந்து பேர் கூடி ஒருவரை அழைக்கலாம். அதற்கு அகதி என்று ஏற்கப்பட்டதற்கான தாள் வேண்டும். அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தேவாலய, சமூக அமைப்புகள் 130க்கும் மேல் உண்டு. அவை தமக்குரிய ஒதுக்கீட்டுக்குள் அழைக்கும். 2024 நவம்பர் 29 அன்று ஐவர் குழுக்களிடமிருந்து புதிய விண்ணப்பம் பெறுவதைக் கனடா நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகும் ‘அஞ்சு பேர் ரெடி, முன்பணம்தான் பாக்கி’ என்றவர்கள் விற்றது மூடிய கதவை.

உண்மையான ஸ்பொன்சரையும் போலியையும் பிரித்தறியப் பணம் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். வாடகை, சாப்பாடு, குளிருடுப்பு எல்லாம் ஸ்பொன்சரின் பையிலிருந்து வரவேண்டியவை. ஸ்பொன்சர் செய்வதற்காக அகதியிடம் பணம் கேட்பதோ வாங்குவதோ கனடிய விதிப்படி கூடாது. யு.என்.எச்.சி.ஆரின் பதிவு, நேர்காணல், அட்டை, மீள்குடியேற்றப் பரிந்துரை அனைத்தும் இலவசம். கூலி வாங்கிக்கொண்டு பிறருக்காக விண்ணப்பிக்க வழக்கறிஞர், உரிமம் பெற்ற ஆலோசகர் போன்றோருக்கே உரிமை. அவர்கள் பெயர் பொதுப் பதிவேட்டில் இருக்கும், கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கலாம். கனடிய அரசின் மின்னஞ்சல் முகவரி ‘ஜிசி.சிஏ’ என்றோ ‘கனடா.சிஏ’ என்றோ முடியும். ஜிமெயில் முகவரியிலிருந்து விசா அனுமதிக் கடிதம் வராது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு கதையில் நேர்வது. விண்ணப்பத்தோடு சேரும் இணைப்புப் படிவம் 2, நாட்டைவிட்டு ஏன் வெளியேறினீர்கள் என்று கேட்கிறது; பதில் அகதியின் சொந்தச் சொல்லில் இருக்கவேண்டும். விசா அதிகாரி அதை நேர்காணலில் வரிவரியாகத் துருவுவார். யு.என்.எச்.சி.ஆரிடம் முன்பு சொன்னதும் கணக்கில் வரும். ‘கேஸ் எழுதித் தாறன்’ என்பவர் ஒரே ஷெல்லடியை ஊர்ப்பெயர் மட்டும் மாற்றிப் பலருக்கு விற்பார். உண்மையாகவே அண்ணனைப் பறிகொடுத்தவரும் அந்த இரவல் கதையில் தேதி தடுமாறிப் பொய்யராகிவிடுகிறார். படிவத்தின் நகலைக் கையில் தராத எவரையும் நம்பவேண்டியதில்லை. கையெழுத்திட்டவர் தாம் என்ன சொன்னோம் என்று அறிந்திருக்கவேண்டும்.

காத்திருக்கப் பொறுக்காதவர்களுக்கு இருந்த இன்னொரு வழி கடல். 2010 ஆகஸ்டில் தாய்லாந்திலிருந்து 492 தமிழரோடு கனடாவின் மேற்குக் கரையை அடைந்த ‘சன் சீ’ கப்பல் அதன் அடையாளம். பயணிகளை அங்கே தடுப்புக்காவல்தான் வரவேற்றது.

ஆபத்து எங்கும் ஒரே முகத்தோடு வருவதில்லை. உக்ரைனியருக்காக 2022 மார்ச்சில் பிரிட்டன் தொடங்கிய திட்டத்தில் ஸ்பொன்சர் என்பவர் தம் வீட்டில் இடம் தருபவர். சமூக ஊடகத்தில் தனி ஆண்கள் தனிப் பெண்களைத் தேடத் தொடங்கியதும் யு.என்.எச்.சி.ஆரே தலையிட்டுக் காப்பு விதிகளைக் கேட்டது. பூச்சோங்கில் அத்தகைய வீட்டுச் சிக்கல் இல்லை. ஆனால் ஸ்பொன்சர் என்ற பேரில் கலியாணப் பேச்சும் கலந்து வரும்போது, பெண்கள் அதே எச்சரிக்கையோடு இருப்பது நல்லது. வீடியோவில் முகம் காட்டாத மாப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் விமானச் சீட்டுக்குப் பெரும்பாலும் கனடிய அரசே கடன் தரும். வட்டியில்லாத அந்தக் கடனை, போய்ச் சேர்ந்து ஓராண்டு கழிந்தபின் மாதத் தவணையாகக் கட்டத் தொடங்கவேண்டும்.